சீட்டும் படமும் சமமா நின்ன தராசு

அந்தத் தராசு ரிப்பேர் இல்ல சார், அது அப்படித்தான் நிக்கும், இடது தட்டுல இரும்பை வச்சு வலது தட்டுல பஞ்சை வச்சாலும் நேராத்தான் நிக்கும், அதனாலதான் மை கலக்குறதுக்குக்கூட உதவாம ஜன்னல் ஓரமா ஒதுக்கி வச்சிருக்கோம், அதுல இருக்கிற படத்தை மட்டும் தயவுசெஞ்சு எடுக்காதீங்க. கையால மூஞ்சியை மூடிக்கிட்டு ஒரு ஆளு நிக்கிற படத்தைக் காலண்டர் பிரஸ்ல எதுக்கு வச்சிருக்கீங்கன்னு நீங்க கேட்டது நியாயந்தான், இதுவரைக்கும் எந்த ஏஜெண்டும் அதைக் காலண்டருக்குக் கேக்கல.

இந்தப் பதினோராயிரம் படத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா, அப்புறம் கிளி வச்ச குழந்தைன்னு தட்டினாப் போதும், ரொம்ப ஒத்துப்போறது மொதல்ல, கொஞ்சம் ஒத்துப்போறது அடுத்து, அப்படி வரிசையா வந்து நிக்கும், எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு நூத்துக்கு இத்தனைன்னு காட்டும்னு முதலாளிகிட்ட நீங்க சொல்லிக்கிட்டு இருந்தீங்க. அவரு வாயைப் பொளந்து கேட்டுக்கிட்டு இருந்தாரு. எனக்கு ஆச்சரியமா இல்ல. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னாடி அதே வேலையை இந்தத் தராசு பாத்துச்சு, கரண்டு இல்லாம.

அப்ப இவரோட அப்பா, பெரிய முதலாளி இருந்தாரு. நான் பகல்ல கட்டிங் மிஷின்ல நின்னு, சாயங்காலம் ராத்திரிப் பள்ளிக்கூடம் போயி, ரெண்டு தடவை தோத்து மூணாவது தடவையில பத்தாவது பாஸ் பண்ணினவன், அந்த ஒரே தகுதியில இந்தப் படக் குடோனை எங்கிட்ட ஒப்படைச்சாரு. வேலை என்னன்னா, ஒவ்வொரு படத்தையும் ஒரு கவர்ல போட்டு, உள்ள என்ன இருக்குன்னு ஒரு சீட்டு எழுதிப் பின்னால ஒட்டணும், ஆடிப் பதினெட்டுக்குப் புதுக் காலண்டர் ஆல்பம் போடுறப்ப வெளியூர் ஏஜெண்டுக வந்து, போன வருஷம் சேலத்துல ஒரு மளிகைக்கடையில பாத்தேன், ஒரு குழந்தை, ஒரு கிளி, அது மாதிரி வேணும்பாங்க, நான் சீட்டைப் பாத்து எடுத்துக் குடுக்கணும். பள்ளிக்கூடத்துல எங்க வாத்தியாரு, பேசுற மாதிரி எழுதினா மார்க்கு கெடையாதுன்னு சொல்லிச் சொல்லி எனக்குள்ள ஏத்தி வச்சிருந்தாரு, அதனால நான் எழுதின சீட்டெல்லாம் 'ஒளி பொருந்திய கண்கள், களையான முகம், மழலைச் சிரிப்பு'ன்னு கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். பெரிய முதலாளி வந்தவங்ககிட்ட எல்லாம் காட்டுவாரு. எனக்கும் பெருமைதான், இல்லன்னு சொல்ல மாட்டேன்.

அப்படி ஒரு ஐப்பசி மாசம், மேஜையில எடம் இல்லாம, கிளி வச்ச குழந்தை படத்தை மை நிறுக்கிற இந்தத் தராசோட ஒரு தட்டுல வச்சேன், ஏஜெண்டு எழுதிக் குடுத்த துண்டுச் சீட்டை இன்னொரு தட்டுல வச்சேன், படம் தடிச்ச அட்டை, சீட்டு பஸ் டிக்கெட் அளவு, ஆனா ரெண்டு தட்டும் சமமா நின்னுச்சு. படத்தை எடுத்துட்டு நீர்வீழ்ச்சிப் படத்தை வச்சேன், சீட்டு இருந்த தட்டு டங்குனு கீழ எறங்கிருச்சு. நாய்க்குட்டி வச்ச குழந்தையை வச்சேன், ஒரு விரல் அளவுக்கு மட்டும் எறங்குச்சு. மிஷின்மேன் ஞானதுரையைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவன் பாத்துட்டு, காத்துக்குப் பக்கத்துல வைக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டான். பெரிய முதலாளி வந்து பாத்துட்டு, இதுக்கு எடை அளவு ஆபீஸ்ல முத்திரை குத்தணுமான்னு மட்டும்தான் கேட்டாரு. முத்திரை குத்துற ஆபீசரும் வந்தாரு, எடைக்கல்லுக்குத்தான் முத்திரை, எழுத்துக்கு முத்திரை கெடையாதுன்னு சொன்னாரு, போறதுக்கு முன்னாடி பையில இருந்து தன்னோட படத்தை ஒரு தட்டுலயும் வீட்டம்மா எழுதின லெட்டரை இன்னொரு தட்டுலயும் வச்சுப் பாத்தாரு, பாத்துட்டு காபி குடிக்காமப் போயிட்டாரு.

அதுக்கப்புறம் ஊரு அந்தத் தராசைப் பழகிக்கிட்டது எப்படின்னு கேட்டா, தெருவுக்கு ஒரு புது குழாய் வந்தாப் பழகிக்கிற மாதிரித்தான். கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் அடிக்க வர்றவங்க, செத்தவரு படத்தையும் 'பாசத்தின் சிகரமே'ன்னு எழுதின வாசகத்தையும் நிறுத்துப் பாத்துட்டுத்தான் மிஷினுக்கு அனுப்பினாங்க. ஒரு வீட்டுல நாலு மகன்களும் அப்பாவைப் பத்தி ஆளுக்கொரு சீட்டு எழுதிட்டு வந்தாங்க, நாலும் எறங்கிருச்சு, கூட வந்த சின்ன மருமக ஓரமா நின்னு ரெண்டு வரி எழுதி மடிச்சு வச்சுது, தட்டு நேரா நின்னுச்சு, அந்தச் சீட்டைப் பிரிச்சுப் படிக்க யாருக்கும் தைரியம் வரல, வாசகமே இல்லாம நோட்டீஸ் அடிச்சுக்கிட்டுப் போனாங்க. மாப்பிள்ளை போட்டோவும் அமைதியான சுபாவம்னு தரகர் குடுத்த சீட்டும் ஏறினப்ப அஞ்சு விரல் வித்தியாசம், அதோட தரகருங்க நம்ம தெருவழியா நடக்கிறதை நிறுத்திட்டாங்க. விரல்தான் எங்க கணக்கு சார், நீங்க நூத்துக்கு இத்தனைன்னு சொல்றதை நாங்க விரல்ல சொன்னோம், ஊர்ல யாராச்சும் பொய் சொன்னா, நீ சொல்றது மூணு விரல் அப்படின்னு டீக்கடையிலயே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.

ஞானதுரை மட்டும் ஒருநாள் மிஷினைத் தொடச்சுக்கிட்டே சொன்னான். "அண்ணாச்சி, அந்தத் தராசு எது மாதிரி இருக்குன்னுதான் சொல்லுது. எது வேணும்னு சொல்லல." எண்ணெய்க் கையோட பேசுறவன் பேச்சு, நான் காதுல வாங்கல.

அடுத்த வருஷம் ஆடிக் கடைசி வெள்ளி முடிஞ்ச மறுநாளு செண்பகவல்லி வந்துச்சு. சாத்தூர்ப் பக்கம், தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குற பொண்ணு, முப்பது வயசு இருக்கும், அப்பா அம்மா கெடையாது, ஒரே அண்ணன் கொண்டல்சாமி, நாப்பது வயசு, சின்ன வயசுல வந்த ஒரு காய்ச்சல்ல இருந்து புத்தி கொஞ்சம் மெதுவாத்தான் வேலை செய்யும். இருக்கன்குடி கோயில் கூட்டத்துல தங்கச்சி கைய விட்டுட்டு ஏதோ ஒரு பஸ்ல ஏறிப் போயிருச்சு. காணவில்லைன்னு போஸ்டர் அடிக்கணும். போட்டோ கெடையாது, போட்டோ புடிக்க யாரு வந்தாலும் ரெண்டு கையாலயும் மூஞ்சியை மூடிக்கிட்டு ஓடிரும்னு சொன்னுச்சு. அப்ப ஆதார் கெடையாது, கையில போனும் கெடையாது சார், ஒரு மனுஷன் படமே இல்லாம நாப்பது வருஷம் இருக்க முடிஞ்ச காலம்.

படம் இல்லாம எழுத்து மட்டும் போட்டுருவோம்னு பெரிய முதலாளி சொன்னாரு. நான்தான், இருங்க, நம்மகிட்டதான் தராசு இருக்கே, அடையாளத்தைச் சொல்லட்டும், ஆறாயிரம் படத்துல அச்சு அசலா ஒண்ணு கிடைக்காமயா போகும்னேன். சொன்னது நான்தான் சார், யாரும் என்னைக் கேக்கல.

அந்தப் பொண்ணு சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எங்கண்ணன் ஒரு எடத்துல நிக்காது, தரை சுடுற மாதிரி காலை மாத்தி மாத்தி வச்சுத்தான் நிக்கும்னுச்சு. டீ கிளாசை ரெண்டு கையாலயும் கோழிக்குஞ்சைப் புடிக்கிற மாதிரிப் புடிக்கும்னுச்சு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா ஒடனே திரும்பாது, மொத தடவை காதுல விழும், ரெண்டாவது தடவை யாரையோ கூப்பிடுறாகன்னு நெனைக்கும், மூணாவது தடவைதான் நம்மளத்தான்னு திரும்பும்னுச்சு. இதையெல்லாம் கேட்டுக்கிட்டுத் தலையாட்டிக்கிட்டே நான் சீட்டுல என்ன எழுதினேன்னா, 'வயது நாற்பது, மாநிறம், களையான முகம், சாந்தமான பார்வை, திடமான உடற்கட்டு.' வாத்தியாரு பாத்திருந்தா முழு மார்க்கு போட்டிருப்பாரு.

நாலு நாள் நிறுத்தேன். கவரைப் பிரிச்சு, தட்டுல வச்சு, விரல் பாத்து, திரும்பக் கவர்ல போட்டு, ஆம்பளைப் படம், பட்டாளத்துக்காரன், படகுக்காரன், மாட்டுவண்டிக்காரன்னு ஒண்ணொண்ணா நிறுத்து, நாலாம் நாளு மத்தியானம் ஒரு உழவர் படம், தோள்ல துண்டு, கையில நெல்லுக்கதிரு, சூரியனைப் பாத்து நிக்கிறவரு, அதை வச்சேன், தட்டு ரெண்டும் சமமா நின்னுச்சு. வேலை செய்றவங்க எல்லாம் வந்து பாத்தாங்க. சில பேரு கையைக்கூடத் தட்டினாங்க.

செண்பகவல்லி படத்தை ரொம்ப நேரம் பாத்துச்சு.

"நல்லாத்தான் இருக்காரு அண்ணாச்சி. யாரு இவரு?"

"தராசைப் பாரும்மா. நேரா நிக்குதுல்ல."

அது தராசைப் பாத்துச்சு, படத்தைப் பாத்துச்சு, மறுபடி தராசைப் பாத்துச்சு. படிச்சவுக சொல்றீகன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிச்சு. பத்தாவது பாஸ் பண்ணினவனைப் பாத்துப் படிச்சவுகன்னு ஒருத்தர் சொல்லி நான் கேட்டது அன்னிக்குத்தான்.

நெல்லுக்கதிரை மட்டும் வெட்டிட்டு ஐயாயிரம் போஸ்டர் அடிச்சோம், பெரிய முதலாளி புண்ணியத்துக்கு அடிச்சுக் குடுத்தாரு. கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வாங்க, வர்றவருக்கு ஒரு நேரச் சாப்பாடு பிரஸ்லயேன்னு அடியில ஒரு வரி போட்டாரு, அந்த ஒரு வரியால ரெண்டு மாசத்துல பதினெட்டு கொண்டல்சாமி வந்தாங்க. பேரைக் கேட்டா பதினெட்டு பேரும் கொண்டல்சாமின்னு சொன்னாங்க, பேருதான் போஸ்டர்லயே இருந்துச்சே. நாங்களும் ஒரு முறை வச்சுக்கிட்டோம், வர்றவரு சாப்பிட்டதும், தெருமுனை ஸ்டூடியோக்காரரு ஒரு படம் புடிப்பாரு, அதை என் சீட்டோட வச்சு நிறுப்போம், ரெண்டு விரலுக்கு மேல போனா அனுப்பிருவோம். பக்கத்துக் கடைக்காரங்க எல்லாம் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து, இன்னிக்கு வந்தவரு எத்தனை விரலுன்னு கேட்டுட்டுப் போவாங்க. பழனியில ஒரு ஆளு இருக்காரு, எங்க ஊரு போஸ்டரோட வச்சுப் பாத்தா உரிச்சு வச்ச மாதிரி இருக்காருன்னு ஒரு லெட்டர் வந்துச்சு. நான்தான் செண்பகவல்லியைப் பழனிக்கு அனுப்பி வச்சேன்.

அது போன மறுநாளு பத்தொன்பதாவது ஆளு வந்தாரு. யாரும் கூட்டிட்டு வரல. தானா வந்து பிரஸ் கேட்டுல, ரோட்டைப் பாத்துக்கிட்டு நின்னாரு. எங்க போஸ்டர் ஒண்ணு கேட்டுத் தூண்லயே ஒட்டியிருந்துச்சு, அதுக்கு நேர் கீழதான் நின்னாரு, உள்ள வர்றவங்க போறவங்க எல்லாரும் மேல இருக்கிற மூஞ்சியையும் கீழ இருக்கிற மூஞ்சியையும் பாத்துட்டு, இவரு நாலு விரலு தாண்டும்னு சிரிச்சுட்டுப் போனாங்க. இளைச்ச ஒடம்பு, தாடி, ஒரு கால்ல மட்டும் செருப்பு. உள்ள கூட்டிட்டு வந்து சோறு போட்டோம், டீ குடுத்தோம், பேரு கேட்டோம், கொண்டல்சாமின்னாரு, எல்லாரும் சிரிச்சோம். ஸ்டூடியோக்காரரு கேமராவைத் தூக்கினதும் ரெண்டு கையாலயும் மூஞ்சியை மூடிக்கிட்டாரு. மூணு தடவை புடிச்சாரு, மூணு தடவையும் மூடிக்கிட்டாரு, கடைசியில கையும் ஒரு காதும் தெரியிற ஒரு படந்தான் கிடைச்சுச்சு.

அந்தப் பொண்ணு சொன்னது எனக்கு அப்ப ஞாபகம் வரலைன்னு சொன்னா நீங்க நம்பிருவீங்க சார். ஞாபகம் வந்துச்சு. தட்டுல வைக்கிற வரைக்கும் ஞாபகம் இருந்துச்சு. வச்சதும் 'களையான முகம்'னு எழுதின சீட்டு நாலு விரல் எறங்கிருச்சு, மூஞ்சியே இல்லாத படம் மேல போயிருச்சு, அதோட என் ஞாபகத்தையும் நான் எறக்கி வச்சுட்டேன். ஒரு வருஷமா ஊரே நம்புற தராசு, நான் நாலு நாள் நிறுத்துக் கண்டுபுடிச்ச படம், ஒரு கை மறைச்சதுக்காக அதை மாத்திச் சொல்ல எனக்கு மனசு வரல. மதுரையில இந்த மாதிரி ஆளுகளைப் பாத்துக்கிற எடம் இருக்குன்னு கேள்விப்பட்டிருந்தேன், நானே பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிட்டுப் போயி மதுரை பஸ்ல ஏத்தி, கண்டக்டர்கிட்டயும் சொல்லிவிட்டேன். நல்ல காரியம் பண்ணின மாதிரிதான் திரும்பி வந்தேன்.

மூணாம் நாளு செண்பகவல்லி பழனியில இருந்து வந்துச்சு. அங்க இருந்தவரு போஸ்டர் மாதிரியேதான் இருந்தாராம், அரை விரல்கூட வித்தியாசம் இல்லையாம், பொண்டாட்டியும் ரெண்டு பேரப்பிள்ளையும் பூக்கடையும் இருந்துச்சாம். அதைச் சொல்லி அதுவே லேசாச் சிரிச்சுச்சு. நானும் பேச்சு வாக்குல, இங்கயும் ஒருத்தரு வந்தாரும்மா, உக்காரச் சொன்னா உக்காரல, இந்தக் கால்ல கொஞ்சம் அந்தக் கால்ல கொஞ்சம்னு மாத்தி மாத்தி நின்னாரு, டீயை ரெண்டு கையாலயும் புடிச்சு, கிளாசுக்கு வலிக்கும்ங்கிற மாதிரி குடிச்சாருன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு இருந்தேன். சொல்லிக்கிட்டு இருக்கிறப்பவே என் சிரிப்பு எங்கயோ போயிருச்சு.

செண்பகவல்லி சத்தம் போடல. ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு.

"பஸ்ல ஏத்துறப்ப கூப்பிட்டீகளா அண்ணாச்சி?"

"கூப்பிட்டேன்."

"எத்தனாவது தடவையில திரும்புச்சு?"

நான் விரலைக் காட்டினேன். மூணு விரல். அது பக்கத்துல இருந்த பேப்பர் கட்டு மேல அப்படியே உக்காந்துருச்சு.

அன்னிக்கு அந்தப் பொண்ணு மொத நாளு சொன்னதை, சொன்ன மாதிரியே, காலு, கிளாசு, மூணாவது தடவை, மூடின மூஞ்சி, எதையும் திருத்தாம ஒரு பெரிய சீட்டுல எழுதி, அந்தக் கைப் படத்துக்கு எதிர்த் தட்டுல வச்சேன். நேரா நின்னுச்சு. வெளிய மிஷின் ஓடி தரையே அதிருது, தட்டு அசையல. படத்தை எடுத்துப் பாத்தோம், அசையல. சீட்டை எடுத்துப் பாத்தோம், அசையல. அதுல இருந்து எதை வச்சாலும் அசையல சார், எனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிச்சிருச்சுன்னு வச்சுக்கங்க. ஒரு வாரம் கழிச்சு அந்த உழவர் படத்தோட கவரைத் திருப்பிப் பாத்தேன். பின்னால ஒட்டியிருந்த சீட்டு என் கையெழுத்து. 'களையான முகம், சாந்தமான பார்வை, திடமான உடற்கட்டு.' என் சீட்டுக்கு என் சீட்டுதான் சமமா நின்னிருக்கு. கொண்டல்சாமி அந்தத் தராசுல ஏறவே இல்ல.

மதுரைக்குப் போனோம். அந்த பஸ் திருமங்கலத்துல டீக்கு நின்னப்ப எறங்கினவரு திரும்ப ஏறலைன்னு கண்டக்டர் சொன்னாரு. கையால மூஞ்சியை மூடின அந்தப் படத்தைப் போட்டு, அந்தப் பொண்ணு சொன்னதை அப்படியே எழுதி, மறுபடி ஐயாயிரம் அடிச்சோம், ஆறு வருஷம் எந்த ஊருக்குப் போனாலும் பசை வாளியோடதான் போனேன். மூஞ்சி தெரியாத போஸ்டரை ஒட்டுற பிரஸ்னு எங்களை ஊர் ஊராக் கேலி பண்ணினாங்க. ஆனா நம்ம ஊர்ல விரல் பேச்சு நின்னுபோச்சு, வழி தெரியாம ஒரு ஆளு நின்னா, மூஞ்சியைப் பாக்குறதுக்கு முன்னாடி காலைப் பாக்குற பழக்கம் மட்டும் எல்லாருக்கும் ஒட்டிக்கிச்சு, இன்னிக்கும் பஸ் ஸ்டாண்டுல நின்னு பாருங்க, காலைத்தான் பாப்பாங்க.

செண்பகவல்லி தீப்பெட்டி ஆபீசுக்குத் திரும்பிப் போகல. இங்கயே காலண்டர் தலைப்புல தகரப் பட்டை அடிக்கிற வேலையில சேந்துக்கிச்சு, கேட்டைப் பாத்த மாதிரி எடம் வேணும்னு ஒண்ணுதான் கேட்டுச்சு. என்னைப் பாத்து ஒரு குத்தம் சொன்னது கெடையாது. சொல்லியிருந்தா நான் பதில் ஏதாச்சும் யோசிச்சு வச்சிருப்பேன்.

நீங்க இன்னொண்ணு கேட்டீங்களே, சீட்டெல்லாம் எதுக்கு இவ்வளவு நீளம்னு, அதான். ஆறாயிரத்தையும் கிழிச்சுட்டுத் திரும்ப எழுதினேன். கிளி வச்ச குழந்தை சீட்டைப் பாருங்க, 'குழந்தை கிளியோட காலை இறுக்கிப் புடிச்சிருக்கு, கிளி பயந்துபோயிருக்கு, குழந்தை நம்மளைப் பாக்கல, படம் புடிக்கிறவருக்குப் பின்னால யாரோ நிக்கிறாங்க, அவங்களைப் பாக்குது.' ஏஜெண்டுகளுக்கு இது புடிக்கல, இப்பல்லாம் படத்தைத் தேடி எடுக்க எனக்கு அரை நாள் ஆகுது. உங்க கம்ப்யூட்டர் சீக்கிரம் எடுத்துக் குடுக்கட்டும், வேண்டாங்கல. சீட்டையும் சேத்து ஏத்துங்க, திருத்தாம ஏத்துங்க, அவ்வளவுதான் நான் கேக்குறது.

இருங்க, செண்பகம் கூப்பிடுது.

"அண்ணாச்சி, கேட்டுல ஒரு ஆளு நிக்காரு. ரோட்டைப் பாத்துக்கிட்டு."

வருஷத்துக்கு நாலஞ்சு பேரு இப்படி வந்து நிப்பாங்க சார், வழி கேக்குறவங்க, நெழலுக்கு ஒதுங்குறவங்க. கூப்பிட்டுப் பாத்தியாம்மா?

"ரெண்டு தடவை கூப்பிட்டேன். திரும்பல."

மூணாவது தடவையை மட்டும் அது எப்பவும் கூப்பிடாது, அது என் வேலை. நீங்க அந்தக் கவரை மூடி வைங்க, காத்துல சீட்டு பறந்துரும். வாரேம்மா, இந்தா வாரேன்.